அடித்துத் திருத்திய காகிதங்கள்

(பெங்களூரு உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நம்மில் பலர் பிள்ளை வீடு, பெண் வீடு என்று அமெரிக்கா போய்வருகிறோம். மியூசியத்துக்கும் கூட்டிப்போகிறார்கள். "கூட்டத்தைத்தான் பார்த்தோம், படத்தை எங்கே பார்த்தோம்?" என்று அலுத்துக்கொள்கிறோம். அப்படி ஒரு கண்காட்சியைப் பற்றித்தான் இன்று பேச்சு.

நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் 2017 நவம்பர் 13 முதல் 2018 பிப்ரவரி 12 வரை மைக்கேலாஞ்சலோ வரைந்த 133 சித்திரங்களை வைத்திருந்தார்கள். மூன்று மாதத்தில் 7 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். நானும் சம்பந்தி மாமாவும் போன சனிக்கிழமை, வைகுண்ட ஏகாதசி வரிசை தோற்றுவிடும்! எட்டிப் பார்த்தால் முன்னால் நிற்பவரின் செல்போன்தான் தெரிந்தது. போதாததற்கு விளக்கும் மங்கல்.

மங்கலுக்குக் காரணம் உண்டு. வெளிச்சம் பட்டால் பழைய காகிதமும் மையும் கெடும். ஆகையால் சில மாதங்கள் காட்டிவிட்டுப் பல வருஷங்கள் இருட்டில் பத்திரப்படுத்துவார்கள். இன்று தவறவிட்டால் மறுபடி எப்போது பார்க்கக் கிடைக்குமோ!

எனவே, எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாமல் ஒரே ஒரு காகிதத்தின் முன் காத்திருந்தோம். கூட்டம் அலையலையாகத்தான் வரும். இரண்டு அலைகளுக்கு நடுவே ஒரு நிமிஷம் நமக்கு.

அந்தக் காகிதம், 1508 முதல் 1512 வரை அவர் தீட்டிய சிஸ்டைன் தேவாலய விதானத்தில் வரும் ஒரு தீர்க்கதரிசினிக்கான முன்வரைவு. சிவப்புச் சாக்கில் போட்டது. பெண் உருவத்துக்கு ஓர் ஆணை மாதிரியாக வைத்து வரைந்திருக்கிறார். முகம் ஒரு மூலையில் மறுபடியும். பாரம் தாங்கும் கால்விரல்கள் திரும்பத் திரும்ப. வித்வான் ஒரே சங்கதியை விடியற்காலையில் சாதகம் செய்வது போல! விதானத்தில் தெரிவது கச்சேரி, காகிதத்தில் தெரிவது சாதகம்.

1564-ல் 88 வயதில் காலமானார் மைக்கேலாஞ்சலோ. தாம் பட்ட பாடு வெளியே தெரியக் கூடாது என்று, அதற்கு முன் ஏராளமான சித்திரங்களை அவரே எரித்துவிட்டார் என்கிறார், அவரைப் பழகி அறிந்த வசாரி. மிச்சத்தைப் பார்க்கத்தான் அத்தனை லட்சம் பேர்.

நம் ஊருக்கு வருவோம். கஸ்தூரிபா சாலையில் வெங்கடப்பா பெயரில் ஒரு சித்திரசாலை உண்டு. அவர் (1886–1965) கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரிடம் சித்திரமும், மைசூரில் வீணை சேஷண்ணாவிடம் வீணையும் பயின்றவர். ஊட்டியின் மலையையும் பனியையும் நீர்வண்ணத்தில் தீட்டியவர். திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு பேரன் பேத்திகளுடன் போய்வாருங்கள். இங்கே யாரும் இடிக்க மாட்டார்கள்!

இன்னொரு பொக்கிஷம் நம் வீட்டுப் பரணிலேயே இருக்கிறது. அம்மாவின் கோல நோட்டு. புள்ளி தப்பி அடித்த பக்கம், சிக்கு அவிழாமல் பாதியில் விட்ட பக்கம், ஓரத்தில் பால் கணக்கு. வாசலில் போட்ட கோலம் அன்றைக்கே அழிந்தது. அது பிறந்த விதம் இந்த நோட்டில்தான் இருக்கிறது. வீடு மாற்றும்போது பழைய பேப்பர்காரரிடம் முதலில் போவதும் இதுதான்.

தயவுசெய்து போடாதீர்கள். வெயில் படாத, ஈரம் இல்லாத இடத்தில் வையுங்கள். யார் கை, எந்த ஊர், எந்த வருஷம் என்று பென்சிலால் பின்பக்கம் எழுதுங்கள். கேட்டுச் சொல்ல மனுஷாள் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.