அபயகிரியில் முப்பது நிமிடம்

(க்ஷமாவணி விழாவில் ஆற்றிய உரை)

 

சென்ற ஆண்டு நம் குடும்பங்களைச் சேர்ந்த 27 பேர் ஒன்றுகூடி, வழிகாட்டியுடன் கூடிய 5 நாள் சுற்றுலாவாக இலங்கைக்குச் சென்று வந்தோம். அந்தப் பயண அனுபவத்தைப் பற்றிப் பேசுமாறு விழாக்குழுவினர் என்னைப் பணித்தனர். கண்டவை அனைத்தையும் வரிசையாகச் சொன்னால் அது பயணச்சீட்டின் பின்புறத்தில் அச்சிட்ட நிகழ்ச்சி நிரலாகவே இருக்கும். ஆகவே 5 நாளில் முப்பது நிமிடத்தைப் பற்றி மட்டும் விரிவாகப் பேச விரும்புகிறேன். அந்த முப்பது நிமிடம் அநுராதபுரத்து அபயகிரியில் கழிந்தது.

முதலில் இத்தகைய குறுகிய சுற்றுலாவைப் பற்றி ஒரு சொல். அநுராதபுரம் ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் தலைநகராக விளங்கிய ஊர். எங்கள் நிரலில் அதற்கு ஒதுக்கப்பட்ட நேரம் அரை நாள். மறுநாள் சிகிரியாவும் தம்புள்ளையும். அதற்கடுத்த நாள் பொலன்னறுவை. பின்பு கண்டி. அதன்பின் விமான நிலையம். "இது பார்ப்பதா, ஓடுவதா?" என்று சிலர் நகைப்பர். ஆனால் எங்களுள் எழுபதைக் கடந்தவர் அறுவர். பள்ளி விடுமுறையை நம்பி வந்த சிறுவர் ஐவர். அவர்களுக்கு இப்படி ஓடினால்தான் உண்டு, இல்லையேல் இல்லை. எங்கள் வழிகாட்டியும் தமது பணியைச் செவ்வனே செய்தார். அந்நாட்டில் காய்கறி உணவிலும் மாசிக் கருவாட்டுத் தூள் கலப்பது வழக்கம் என்பதை முதல் நாளே எங்களுக்கு எடுத்துரைத்தார். ஒவ்வொரு வேளையும் சமையலறைக்குள் தாமே சென்று, மாசியும் கிழங்கும் வெங்காயமும் இல்லாத உணவு கிடைக்கச் செய்தார். கதிரவன் மறையுமுன் எங்களுக்கு உணவிட வேண்டும் என்பதற்காக இரண்டு இடங்களில் நிரலையே மாற்றினார். அவருக்கு நாங்கள் நன்றிக்கடன் பட்டவர்கள். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. இனி நான் சொல்லப்போவது அவர்மீது கூறும் குறையாக எவரும் கொள்ளலாகாது.

அநுராதபுரத்தில் காலையில் போதி மரத்தையும் ருவன்வெலிசாய என்னும் பெருந்தூபியையும் கண்டோம். பதினொரு மணியளவில் அபயகிரிப் பகுதியை அடைந்தோம். அங்கே, மரநிழலில், தியானத்தில் அமர்ந்த நிலையில் ஒரு கற்சிலை இருக்கிறது. சமாதிப் புத்தர் என்பது அதன் பெயர். எங்களுடன் வந்த மூதாட்டி ஒருவர் அதைக் கண்டதும் தம்மையறியாமல் கைகூப்பினார். அருகிருந்த பேரன், "பாட்டி, இவர் நம் சுவாமியா?" என்று கேட்டான். "இல்லை, கண்ணா, இவர் புத்தர். மேலே ஆடை இருக்கிறது பார். ஆனால் அமர்ந்திருக்கும் நிலை நம் பகவான் அமர்ந்திருப்பதைப் போலவே இருக்கிறது" என்றார் அவர்.

பின்பு 70 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் செங்கல் தூபியின் முன் எங்களை நிறுத்தி வழிகாட்டி விளக்கினார். வட்டகாமணி அபயன் என்னும் மன்னன் கி.மு. 89ஆம் ஆண்டளவில் இவ்விகாரத்தை நிறுவினான். சிங்கள மக்கள் அவனை வலகம்பா என்பர். கி.பி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்துறவி பாகியான் இத்தீவில் ஈராண்டு தங்கியிருந்தார். தாயகம் நீங்கிப் பல ஆண்டுகள் கழிந்த நிலையில், இங்கிருந்த பச்சைக்கல் புத்தர் திருவுருவின் முன் ஒரு வணிகன் சீனத்து வெண்பட்டு விசிறியைக் காணிக்கையாக வைத்ததைக் கண்டு அவர் கண்ணீர் வடித்தார். வழிகாட்டி இதைச் சொன்னபோது எங்களுள் பலர் நெகிழ்ந்தனர். பின்பு படம் எடுத்துக்கொண்டோம். முப்பது நிமிடம் முடிந்தது. பேருந்து புறப்பட்டது.

அந்த முப்பது நிமிடத்தில் சொல்லப்படாதது ஒன்று உண்டு. அதை நான் புறப்படுமுன் படித்திருந்தேன்.

இலங்கையின் பழைய வரலாற்று நூலாகிய மகாவம்சம், பண்டுகாபயன் என்னும் மன்னன் அநுராதபுரத்தைத் தலைநகராக்கிய செய்தியைக் கூறுமிடத்தில், அவன் நிகண்டர்களுக்கு உறைவிடம் அமைத்துக் கொடுத்ததையும் கூறுகிறது. நிகண்டர் என்பது பற்றற்ற அருகநெறித் துறவியரைப் பௌத்த நூல்கள் குறிக்கும் பெயர். ஜோதியர், கிரி, கும்பண்டர் என மூன்று நிகண்டர் பெயர்கள் அங்கே வருகின்றன. மகிந்தர் இத்தீவுக்கு வந்து பௌத்தத்தைப் பரப்பியது தேவானாம்பிய திஸ்ஸன் காலத்தில், கி.மு. 3ஆம் நூற்றாண்டில். அந்நூல் தரும் வரிசைப்படி பார்த்தால், அதற்கு முன்பே அந்நகரில் நம் துறவியர் வாழ்ந்திருக்கின்றனர்.

நகருக்கு வடக்கே நிகண்டரின் பள்ளி ஒன்று பல அரசர் காலம் நிலைத்திருந்தது. வட்டகாமணி தமிழர் படையிடம் தோற்றுத் தப்பியோடியபோது, அப்பள்ளியிலிருந்த கிரி என்னும் நிகண்டர் அவனைக் கண்டு, ஓடுகிறான் என்று உரக்க எள்ளினார் என்கிறது மகாவம்சம். அச்சொல்லை மன்னன் நெஞ்சில் வைத்தான். 14 ஆண்டுகளுக்கு மேல் கழித்து அரசை மீட்டதும் அப்பள்ளியை இடித்து, அவ்விடத்திலேயே விகாரம் எழுப்பினான். அவன் பெயராகிய அபயனும், அந்த நிகண்டர் பெயராகிய கிரியும் சேர்ந்தே அபயகிரி ஆயிற்று. அவையோரே, உலகப் பாரம்பரியச் சின்னமாக 1982இல் அறிவிக்கப்பட்ட அந்நகரின் பெருவிகாரம் ஒன்றின் பெயரில், மகாவம்சம் சொல்லும் விளக்கத்தின்படி, பாதி நம் துறவி ஒருவரின் பெயர்.

நண்பகல் உணவின்போது வழிகாட்டியிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவர் வியப்படையவில்லை. "படித்திருக்கிறேன், ஐயா. ஆனால் காட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லையே. இருப்பதைச் சொல்லவே நேரம் போதவில்லை. இதுவரை எவரும் என்னிடம் கேட்டதும் இல்லை" என்றார். மூன்றுமே நேர்மையான விடைகள். ஒரு கல்கூட எஞ்சாத பள்ளியின்முன் பேருந்தை நிறுத்த எவராலும் இயலாது.

ஆனால் எங்கள் பேச்சைப் பின்னிருக்கையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான் அந்தப் பேரன். பேருந்தில் ஏறியதும் என் அருகில் வந்து அமர்ந்தான். "நம் பள்ளியை இடித்துவிட்டா அதைக் கட்டினார்கள்? அப்படியானால் பாட்டி ஏன் அங்கே கைகூப்பினார்கள்?" என்று கேட்டான். அவனுக்கு வயது பன்னிரண்டு. எனக்கு உடனே விடை தோன்றவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று தப்பித்துக்கொண்டேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அறியாமல் இருந்திருந்தால் அவன் மகிழ்ச்சியுடன் திரும்பியிருப்பான். அறிந்ததனால் பகையுடன் திரும்புவானோ என்று அஞ்சினேன்.

மறுநாள் தம்புள்ளைக் குகைக்கோயிலுக்கு ஏறினோம். ஐந்து குகைகள், நூற்றைம்பதுக்கு மேற்பட்ட திருவுருவங்கள், கூரை முழுதும் ஓவியம். நாட்டை இழந்த வலகம்பா மன்னன் இக்குகைகளில் மறைந்து வாழ்ந்தான் என்றும், மீண்டும் அரசனானதும் நன்றியோடு இவற்றைக் கோயிலாக்கினான் என்றும் மரபு வழங்குகிறது. அவ்வாறே விளக்கி வந்த வழிகாட்டி சற்று நிறுத்தினார். பின்பு, "இதே மன்னன் நேற்று நாம் கண்ட அபயகிரியில் செய்த இன்னொன்றும் உண்டு, உங்கள் பெரியவர் நினைவூட்டினார்" என்று தொடங்கி, கிரியின் கதையை முழுமையாகச் சொன்னார். தம் நாட்டின் புகழ்பெற்ற மன்னனைப் பற்றி அயல்நாட்டார் முன்னிலையில் அவர் அதை மறைக்காமல் உரைத்தார். அவருக்கு நான் மனத்துக்குள் வணக்கம் செலுத்தினேன்.

படியிறங்கும்போது அந்தச் சிறுவனிடம் எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். அதையே இங்கும் சொல்கிறேன்.

முதலாவது, மகாவம்சம் அந்நிகழ்ச்சிக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் பௌத்தத் துறவியரால் எழுதப்பெற்றது. நிகண்டர் தரப்பு அதில் இல்லை. ஒரு பொருளுக்குப் பல பக்கம் உண்டென்று கூறும் அநேகாந்தம் நம் கொள்கை. ஆகவே அதை முழு உண்மை என்றும் கொள்ளவேண்டாம். முழுப்பொய் என்றும் தள்ளவேண்டாம்.

இரண்டாவது, அந்நூல் சொல்வது மெய்யானால், நம் துறவி ஒருவர் தோற்றோடுபவனை எள்ளினார். ஐந்து சமிதிகளுள் ஒன்று பாஷா சமிதி. பிறர் மனம் நோவாமல், அளந்து பேசுதல். துறவிக்கு விதித்த அந்த ஒழுக்கத்தில் ஒரு கணம் வழுவியதன் விலையை ஒரு பள்ளி முழுதும் கொடுத்தது. மன்னன் செய்ததை இது நியாயமாக்காது. ஒருவர் சொல்லுக்காக ஓர் உறைவிடத்தையே அழித்தது பிழைதான். ஆயினும் பிறர் பிழையை எண்ணுமுன் நம் பிழையை எண்ணுவது நமக்குக் கற்பிக்கப்பட்ட முறை. மாலைதோறும் பிரதிக்கிரமணத்தில் நாம் செய்வது அதுதானே?

மூன்றாவது, ஜோதியர், கிரி, கும்பண்டர் என்னும் பெயர்கள் இன்று நமக்குத் தெரிவது எதனால்? இடித்த மன்னனைப் போற்றிய அதே மரபினர் அவற்றைத் தம் நூலில் எழுதிவைத்ததனால். கல் மறைந்தது, அவர்களுடைய ஓலை நமக்காக அதைக் காத்தது. பாட்டி கைகூப்பியது தியானத்தில் அமர்ந்த ஒருவரின் அமைதியைக் கண்டு. அதில் தவறில்லை.

சிறுவன் சிறிது நேரம் பேசாமல் நடந்தான். பின்பு, "பாகியான் விசிறியைப் பார்த்து அழுதாராமே, நமக்கு அங்கே விசிறிகூட இல்லை" என்றான். அதற்கு என்னிடம் இன்றுவரை விடையில்லை.

பொலன்னறுவையில் எங்களுக்கு வேறொன்று காத்திருந்தது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு தமிழ்க் கல்வெட்டு அங்குள்ளது. புத்தரின் பல் வைக்கப்பட்டிருந்த கோயிலைக் காக்கும் பொறுப்பைத் தமிழ் வேளைக்காரப் படையினர் ஏற்றுக்கொண்டதை அது கூறுகிறது. அதே ஊரில் சோழர் காலத்துச் சிவன் கோயில் இன்றும் கல்லாலான விமானத்துடன் நிற்கிறது. நான் சொல்லாமலே அந்தச் சிறுவன் தன் குறிப்பேட்டில் இவ்விரண்டையும் அபயகிரிக்கு அடுத்து எழுதிக்கொண்டான். இடித்ததும் காத்ததும் ஒரே நாட்டின் வரலாறுதான் என்பது அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது எனக்கும் தெளிவாயிற்று.

அவையோரே, நாடு திரும்பியபின் நம் ஊர்களை எண்ணிப் பார்த்தேன். சித்தன்னவாசலுக்கு நாள்தோறும் மக்கள் வருகின்றனர். தாமரைக்குள ஓவியத்தைக் கண்டு வியந்து திரும்புகின்றனர். அதே குன்றில் ஏழடிப்பட்டத்தில், முனிவர் படுத்த கற்படுக்கைகளையும் பழந்தமிழ் எழுத்துகளையும் காண ஏறுபவர் சிலரே. செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரரின் உருவங்கள் ஒரே பாறையில் இரு வரிசையாக உள்ளன. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. அங்கு வரும் பயணிக்கு அதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? அநுராதபுரத்தில் சொல்லப்படவில்லையே என்று வருந்திய நான், நம் பிள்ளைகளுள் எத்தனை பேருக்குத் திருநாதர்குன்றின் பெயர் தெரியும் என்று எண்ணியபோது நாணினேன்.

எனவே நம் குடும்பங்களுக்கு மூன்று வேண்டுகோள்கள்.

எந்நாட்டுக்குச் சுற்றுலா சென்றாலும், புறப்படுமுன் அந்நாட்டின் வரலாற்றில் ஒரு பகுதியையேனும் வீட்டிலுள்ளோர் கூடிப் படியுங்கள். குறுகிய சுற்றுலாவில் வழிகாட்டி இருப்பதைக் காட்டுவார். இல்லாமற்போனதை நாம்தான் உடன் கொண்டுசெல்ல வேண்டும்.

வழிகாட்டியிடம் பணிவோடு ஒரு கேள்வி கேளுங்கள். எவரும் கேட்காததால் அவர் சொல்லாமல் விட்டவை பல இருக்கும். அடுத்த பேருந்தில் வருவோருக்கு அவர் அதைச் சொல்லவும் கூடும்.

நம் மலைகளுக்கும் ஜினாலயங்களுக்கும் வரும் எவருக்கும், அவர் எந்நெறியினராயினும், நம் இளைஞர் ஒருவர் உடன் நடந்து அரைமணி நேரம் விளக்கும் ஏற்பாட்டை இவ்வறக்கட்டளை தொடங்கவேண்டும். அவ்வாறு விளக்கும்போது நமக்கு உகந்ததை மட்டும் சொல்லாமல், தம்புள்ளையில் அந்த வழிகாட்டி செய்ததைப் போல, உள்ளதனைத்தையும் சொல்லவேண்டும்.

இன்று க்ஷமாவணி நாள். அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்தருளுமாறு ஒருவரையொருவர் வேண்டுகிறோம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எள்ளிய சொல்லுக்கும், இடித்த கைக்கும் சேர்த்து இன்று நான் அவ்வேண்டுதலைச் செய்கிறேன். மறந்துவிட்டு மன்னிப்பது எளிது. நம் பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொண்டே மன்னிக்கக் கற்கட்டும்.

 என் உரையில் எவர் மனமேனும் நொந்திருந்தால் பொறுத்தருள்க.

அருகன் அடி வாழ்க. அறம் வளர்க. ஜெய ஜினேந்திரா.