சேம அச்சு



பழைய வேன் ஒன்றை இழந்தவர் கண்கலங்கினால் உலகம் நகைக்கும். ‘இரும்புதானே, போனால் வேறொன்று வாங்கலாம்’ என்று ஆறுதல் சொல்லும். மாய்ந்த மாந்தர்க்குரியது கையறுநிலை. ஊர்திக்கு அதில் இடமேது என்று இலக்கணம் கற்றோரும் வினவக்கூடும். ஆனால், பாரி மகளிர் தந்தையை இழந்த துயரோடு தம் குன்றை இழந்த துயரையும் சேர்த்தே பாடினர் (புறம். 112). உடன் வாழ்ந்த பொருளும் இழப்புக் கணக்கில் சேரும் என்பதற்கு அதுவே சான்று.

ஊர்தியையே வீடாகக் கொண்டு வாழ்வது மேனாட்டார் வழக்கம் என்பர். 1950-இல் ஜெர்மனியில் பிறந்த வோக்ஸ்வாகன் வேனில் படுக்கையும் அடுப்பும் அமைத்துக்கொண்டு அவர்கள் ஊர்சுற்றினர். அவ்வேனின் பழைய வடிவம் பிரேசில் நாட்டில் 2013 இறுதிவரை செய்யப்பட்டது. காற்றுப்பை கட்டாயம் என்ற சட்டம் வந்ததும் நின்றது. ஆனால் தமிழர்க்கு இவ்வாழ்க்கை புதிதன்று. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் உமணர் வண்டியைப் பாருங்கள். அதற்குப் புல் வேய்ந்த கூரை உண்டு. கோழி அடையும் கூடு உண்டு. பெண்யானையின் முழங்காலை ஒத்த சிற்றுரல் தொங்குகிறது. முன்புறத்தில் காடிப் பானையைக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். குழந்தையை உடைய பெண் எருதுகளை ஓட்டுகிறாள். வேப்பந்தழைக் கண்ணி சூடிய ஆடவர் பக்கத்தில் காவலாக நடக்கின்றனர். உப்பு விற்கப் போகிறவர்களின் வண்டி என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். உரலையும் கோழிக்கூட்டையும் புலவர் விடவில்லை. அந்த வண்டிகள் மண்ணாகிப்போயின. உரல் மட்டும் இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது.

நம் நாட்டில் அவ்வண்டியின் இடத்தைப் பெற்றவற்றுள் மட்டடோர் வேனும் ஒன்று. புனேயின் பஜாஜ் டெம்போ நிறுவனம் செய்த அந்த வேன் 2000-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அதன்பின் உதிரிப்பாகம் தேடுவதே ஒரு தவமாயிற்று. சொந்த வண்டியாயினும் 15 ஆண்டு நிறைந்தால் தகுதி காட்டிப் பதிவைப் புதுப்பிக்கவேண்டும்; 2021-இல் பழைய வண்டிகளைக் கழிக்கும் கொள்கையும் வந்தது. காயலான் கடைக்கு வண்டி போகும் நாளில் ஒலிப்பானையோ எண்பலகையையோ கழற்றி எடுத்து வைத்துக்கொள்பவர்கள் உண்டு. வீட்டிலுள்ளோர் அதைக் கண்டு சிரிப்பார்கள். உரலைப் பாடிய புலவர் சிரித்திருக்கமாட்டார்.

உமணரிடம் மற்றொரு பழக்கமும் இருந்தது. எருதுகள் இளையவை, நுகம் அறியாதவை, பாரமோ பெரிது, பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன நேருமென்று யாருக்குத் தெரியும்? ஆதலின் வண்டிக்கு அடியில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு புறப்பட்டனர். அந்தச் சேம அச்சையே ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினிக்கு உவமையாக்கினார் (புறம். 102). புறநானூற்றின் வாட்டாற்று எழினியாதன் (புறம். 396) இந்தத் திருவட்டாற்றுக்குரியவன் என்று அறிஞர் கூறுவர், பெயரொப்புமை கண்டு இருவரையும் ஒருவராக்கிவிட வேண்டா.

அச்சு முறிந்தால் மாற்றுண்டு. எருது முடமானால்? இங்கேதான் உமணர் நம்மை வருத்துகின்றனர். நடக்கமாட்டாத எருதை நீரும் புல்லும் இடாமல் ஆளில்லாத இடத்தில் விட்டுச் சென்றனர் என்று புறநானூற்றின் 307-ஆம் பாட்டுக் கூறுகிறது. அவர்களைக் கொடியவர் என்று சொல்லிவிடுதல் எளிது. கோடை வழியில் உப்புச் சுமையோடும் கைக்குழந்தையோடும் நின்றவர்க்கு வேறு வழி என்ன இருந்தது? மழையில் துருவேறும் வேனை ஆண்டுக்கணக்கில் முற்றத்து மாமர நிழலில் நிறுத்திவைத்து, இறுதியில் விற்றவரும் இப்படித்தான் குற்றவுணர்வோடு திரும்பிப் பார்க்கிறார். பாரி முல்லைக்குத் தேர் ஈந்ததை இங்கே துணைக்கு அழைத்துப் பயனில்லை. அது கொடையின் கதை. அவனிடம் வேறு தேர்கள் இருந்திருக்கும்.

துயரத்தின் இயல்பை இன்னும் அணுகிச் சொல்வது 256-ஆம் பாட்டு. கணவனை இழந்த பெண்ணொருத்தி, தாழி வனையும் குயவனிடம் பேசுகிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரத்தில் ஒட்டிக்கொண்டு, வண்டி போன வழியெல்லாம் தானும் போன சிறிய பல்லியைப்போல அவனோடு பல சுரங்களைக் கடந்து வந்தேன் என்கிறாள். வண்டி எவ்வூருக்குப் போகிறது என்பது பல்லிக்குத் தெரியாது. ஆரம் சுழன்றது, அதுவும் சுழன்றது. இப்போது தனக்கும் இடமிருக்கும்படி தாழியை அகலமாக வனையச் சொல்லி, அக்குயவன்முன் நிற்கிறாள்.