எட்டும் தூரமும் ஏற்ற கருவியும்



பள்ளங்கி மலைச்சரிவில் மூடுபனி இறங்கிவிட்டால், பத்தடிக்கு அப்பால் நிற்பது பசுவா காட்டெருமையா என்பதுகூடப் புலப்படாது. அத்தகைய மாலையொன்றில் அண்டை வீட்டு விவசாயி என்னிடம் வந்தார். “வாத்தியாரையா, மாட்டின் உடலில் ஏதோ சில்லு வைக்கிறார்களாமே! அதை வைத்தால் தொலைந்த மாட்டைக் கண்டுபிடித்துவிடலாமா?” என்று கேட்டார். அவ்வினாவுக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

ஆர்.எப்.ஐ.டி. என்பது வானொலி அலையால் அடையாளம் அறியும் முறை. சிறு சில்லும் கம்பிச்சுருளும் கொண்ட சீட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மின்கலம் கிடையாது. வாசிக்கும் கருவி அனுப்பும் அலையிலிருந்தே ஆற்றலைப் பெற்று, அவை தம் எண்ணைச் சொல்லும். இவற்றுள் மூன்று வகைகள் முக்கியமானவை.

முதலாவது, 134.2 கிலோ ஹெர்ட்ஸ் அலையில் இயங்குவது. அரிசிமணி போன்ற கண்ணாடிக் குமிழாக விலங்கின் தோலுக்கடியில் வைக்கப்படுவது. இவ்வலை தசையையும் நீரையும் எளிதில் ஊடுருவும். ஆயினும் அதை அருகில் நின்றுதான் வாசிக்க இயலும். இரண்டாவது, 13.56 மெகா ஹெர்ட்ஸ். நூலகப் புத்தகங்களிலும் சென்னை மெட்ரோ பயண அட்டையிலும் இருப்பது இதுவே. மூன்றாவது, நம் நாட்டில் 865 முதல் 868 மெகா ஹெர்ட்ஸ் வரையிலானது. பல மீட்டர் எட்டும். 2021 பிப்ரவரியில் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் கட்டாயமாக்கப்பட்ட பாஸ்டேக் இவ்வகையே. ஆனால் நீர் இவ்வலையை உறிஞ்சும், உலோகம் திருப்பியடிக்கும். நீர்ச்சத்து மிகுந்த உருளைக்கிழங்கு மூட்டைகளை லாரியில் அடுக்கினால், நடுவிலுள்ள சீட்டு மறுமொழி தராமற்போகலாம்.

எல்லாவற்றிற்கும் சில்லு வேண்டுமென்பதும் இல்லை. கால்நடைகளின் காதில் மாட்டப்படும் 12 இலக்க எண் கொண்ட பிளாஸ்டிக் வில்லையைக் கண்ணாலேயே படிக்கலாம். கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸுக்கு அச்சிட்ட சதுரக் குறியீடே போதுமானதாயிற்று.

ஆகவே நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: “அந்தச் சில்லு, கிடைத்த மாடு யாருடையது என்று சொல்லும், தொலைந்த மாடு எங்கே என்று சொல்லாது. அதற்கு மின்கலமும் செயற்கைக்கோள் வழி இடமறியும் வசதியும் கொண்ட கழுத்துப்பட்டை வேண்டும்.” அவர் வீண் செலவிலிருந்து தப்பினார். மாடும் மறுநாள் பனி விலகியதும் தானே தொழுவத்திற்குத் திரும்பியது.

மாணவர்களே, தூரம் எட்டுவது மட்டுமே சிறப்பன்று. உங்கள் வருகைப்பதிவு அட்டையைத் தெருவில் செல்லும் அந்நியர் தொலைவிலிருந்து வாசிக்க முடியுமாயின், அது உங்களுக்குக் கேடன்றோ? அங்கே குறுகிய தூரமே காவல். எதை அறியவேண்டும், எவ்வளவு தொலைவிலிருந்து, இடையே நீரோ உலோகமோ உண்டா, செலவு தகுமா என்று முதலில் கேளுங்கள்; கருவியைப் பிறகு தேர்ந்தெடுங்கள்.