மருந்தும் தர்மமும்
(அறநிலைய ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டார முதியோர் இல்லங்களுக்கு அரிசி, பால்மாவு, வேட்டி, சேலை என்று அள்ளிக் கொடுக்கிறீர்கள். அவற்றோடு சில வேளைகளில் மருந்துப் பைகளும் வருகின்றன. வீட்டுப் பெரியவர் காலமானபின் மிஞ்சிய மாத்திரைகள், ஓர் ஏழைக்காவது உதவட்டுமே என்ற எண்ணத்தில் வருபவை. நோக்கம் நல்லதுதான். ஆனால் மருந்து அரிசி அல்லவே! ஒருவருக்கு எழுதிக் கொடுத்த மருந்தை மற்றவருக்குக் கொடுக்கலாகாது. சில நீரிழிவு மாத்திரைகளை அந்நோய் இல்லாத மூதாட்டி விழுங்கினால், இரத்தத்தில் சர்க்கரை வெகுவாக இறங்கி உயிருக்கே ஆபத்து நேரலாம். மிஞ்சிய மருந்தை அரசாங்க மருத்துவமனையின் மருந்து முகப்பிடத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இல்லங்களை நடத்துவோருக்கும் சில வார்த்தைகள். 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு நிலையச் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதிவு செய்வதோடு நம் கடமை முடிந்துவிடாது. மருந்தை அதன் சொந்த உறையிலேயே வைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பிஸ்கட் டின்னில் கொட்டினால் எது யாருடையது என்று எவருக்குத் தெரியும்? ஓர் இல்லத்தில் இரண்டு முனியம்மாக்கள் இருக்கலாம். ஆகவே பெயருடன் அடையாள அட்டை எண்ணும், புகைப்படமும் பெட்டியின்மேல் இருப்பது நலம்.

அரசாங்க மருந்து உறையில் 'செபெலும் மாக்கான்', 'செலெபாஸ் மாக்கான்' என்று மலாயில் எழுதியிருக்கும். தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த நம் தாய்மார் பலருக்கு அதை வாசிக்கத் தெரியாது. சாப்பாட்டுக்கு முன், பின் என்று தமிழிலும் ஒரு சீட்டு ஒட்டுங்கள். மூல எழுத்தை மறைத்துவிடாதீர்கள்.

நம் நாட்டு வெயிலும் ஈரமும் மருந்துக்குப் பகை. அடுப்படியிலும் சன்னலோரத்திலும் வைக்க வேண்டாம். திறக்காத இன்சுலினைக் குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது. திறந்த தேதியைப் புட்டியின்மேல் எழுதுங்கள். பெரும்பாலான இன்சுலின் வகைகள் திறந்தபின் ஏறத்தாழ 28 நாள்களுக்கே உதவும். மாத்திரையை முதியவர் விழுங்கியதைக் கண்ட பிறகே ஏட்டில் குறியுங்கள்.

நன்கொடையாளர்களே, பூட்டுள்ள ஓர் அலமாரி, வெப்பமானியுடன் ஒரு சிறு குளிர்ப்பெட்டி, ஒரு பதிவேடு ஆகியவற்றை அடுத்த திருவிழாவுக்குள் ஓர் இல்லத்திற்கு வாங்கிக் கொடுங்கள். அன்னதானத்திற்கு ஈடான புண்ணியம் அதிலும் உண்டு.

எல்லாம் வல்ல இறைவன் அனைவரையும் காத்தருள்வாராக!