வாய்விட்டு யோசியுங்கள்

(நூற்றாண்டு விழாவையொட்டி உயர்தர வகுப்பு மாணவிகளுக்குப் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



இந்த மண்டபத்தில் நான் பரிசு வாங்கிய நாட்களும் உண்டு. இன்று நான் சொல்ல வந்தது, தோற்ற ஒரு நாளைப் பற்றி.

பெரிய மென்பொருள் நிறுவனமொன்றின் நேர்முகப் பரீட்சைக்கு முதன்முறை போயிருந்தேன். என் சான்றிதழ்க் கோவையை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு வெண்பலகை, ஒரு பேனை, ஒரு கேள்வி, 45 நிமிடங்கள். சரியான விடை தெரிந்தால் மட்டுமே கையை உயர்த்திப் பழகியவள் நான். பலகையைப் பார்த்தபடி பேசாமல் நின்றேன். மனதுக்குள் மூன்று வழிகளை யோசித்து, இரண்டைத் தள்ளியும் விட்டிருந்தேன். கேள்வி கேட்டவருக்கு அது எப்படித் தெரியும்? வேலை கிடைக்கவில்லை.

பின்னர் வேறொரு நிறுவனத்தில் சேர்ந்து, நானே கேள்வி கேட்கும் பக்கத்தில் இருந்தபோதுதான் விஷயம் விளங்கியது. உதாரணமாக, ஒரு பெயர்ப் பட்டியலில் ஒரு பெயரைத் தேடச் சொல்கிறோம் என்று வையுங்கள். நல்ல பிள்ளை உடனே எழுதத் தொடங்கமாட்டாள். “பட்டியல் அகரவரிசையில் உள்ளதா? வெறுமையாகவும் இருக்கலாமா?” என்று முதலில் கேட்பாள். ஒவ்வொன்றாகப் பார்க்கும் எளிய வழியைச் சொல்வாள். பிறகு, அகராதியைப் பிரிப்பதுபோல நடுவில் திறந்து, வேண்டாத பாதியைத் தள்ளலாம் என்பாள். அப்படிச் செய்தால் 1,000 பெயர்களில் தேடப் பத்துத் தடவை பார்த்தால் போதும். எழுதி முடித்ததும் ஒரு சிறிய உதாரணத்தை வைத்துத் தானே சரிபார்ப்பாள். நாங்கள் புள்ளி போடுவது இந்த ஒவ்வொரு படிக்கும்தான்.

பிழை விட்டுவிடுவோமோ என்ற பயமா? இதே தேடல் முறையை ஜாவா மொழிக்காக எழுதியவர் ஜோசுவா புளொக். நடுவைக் காண இரண்டு இலக்கங்களைக் கூட்டி இரண்டால் வகுத்திருந்தார். பட்டியல் ஏறத்தாழ நூறு கோடியைத் தாண்டினால், அந்தக் கூட்டுத்தொகை 2,147,483,647 என்ற எல்லையைக் கடந்து மறைப் பெறுமானமாகிவிடும். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அது யார் கண்ணிலும் படவில்லை. 2006 இல், அது தான் எழுதியதே என்று சொல்லி, அந்தப் பிழையை அவரே எல்லோருக்கும் விளக்கி எழுதினார். அதனால் அவருடைய மதிப்பு குறையவில்லை.

வேலையிலும் இதே கதைதான். நாம் எழுதுவதை இன்னொருவர் வாசித்துக் குறை சொன்ன பிறகே அது பாவனைக்குப் போகும். சேர்ந்த புதிதில், விளங்காத ஒன்றைக் கேட்க வெட்கப்பட்டு இரண்டு நாட்களை வீணாக்கினேன். கேட்டபோது பத்து நிமிடத்தில் முடிந்தது.

தங்கைமாரே, இன்றிலிருந்தே பழகுங்கள். இருவர் இருவராகக் கரும்பலகைக்கு முன் நில்லுங்கள். ஒருத்தி வெண்கட்டியைப் பிடித்து, யோசிப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லட்டும். மற்றவள் கேள்வி கேட்கட்டும். “தெரியாது” என்று சொல்லத் தயங்க வேண்டாம். ஆனால் அதோடு நிறுத்தாமல், “இப்படித் தொடங்கிப் பார்க்கிறேன்” என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உலகெங்கும் இத்துறையில் இருக்கும் அக்காமாரிடம் ஒரு வேண்டுகோள். இந்த நூற்றாண்டு ஆண்டில், ஆளுக்கு ஒரு தங்கைக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கி, காணொளி அழைப்பில் மாதிரி நேர்முகம் நடத்துங்கள். என் முதல் தோல்விக்கு முன் எனக்குக் கிடைக்காமற்போனது அந்த ஒரு மணித்தியாலம்தான்.