மைல்கல் சொல்லாததை வண்டித்தடம் சொல்லும்!

தோழர்களே!

ஊருக்கும் சந்தைக்கும் தூரம் எவ்வளவு என்று கேட்டால், சாலையோரத்து மைல்கல்லைக் காட்டுகிறார்கள். கல் பொய் சொல்லாது. ஆனால் முழு உண்மையையும் சொல்லாது! பறித்த தக்காளி கிலோமீட்டரை எண்ணியா அழுகுகிறது? மணியை எண்ணியல்லவா அழுகுகிறது! நாற்பது கிலோமீட்டரைக் கடக்க நான்கு மணி நேரமானால், பக்கத்து ஊர்ச் சந்தையும் பரதேசமே!

ஆகவேதான் அறிஞர்கள் கேள்வியை மாற்றினர். “சாலை உண்டா?” என்பதன்று, “இங்கிருந்து புறப்படும் சரக்கு, நான்கு மணி நேரத்தில் எத்தனை சந்தைகளை, எத்தனை ஆலைகளை, எந்தத் துறைமுகத்தை எட்டும்?” என்பதே கேள்வி. எட்டுவது பெருகினால் வட்டாரம் வாழும், குறுகினால் வாடும்!

விடை எங்கே? லாரியின் தடத்திலே! அதில் பொருத்திய கருவி, செயற்கைக்கோளின் துணையோடு, ஓடிய வழியையும் நின்ற நேரத்தையும் பதிகிறது. நேற்று மூன்று மணி நேரம், இன்று ஆறு மணி நேரம் என்றால், அந்தத் தடுமாற்றமும் தெரிந்துவிடுகிறது. அமெரிக்காவில் இத்தடங்களைத் திரட்டி, லாரிகள் முடங்கும் நூறு இடங்களை ஆண்டுதோறும் பட்டியலிடுகிறார்கள். 2024-இல் முதலிடம், நியூயார்க்கை ஒட்டிய ஃபோர்ட் லீ. செல்வபுரியின் வாசற்படியிலேயே சக்கரம் சிக்கித் தவிக்கிறது!

நம் நாட்டிலும் தடம் உண்டு. 2018 ஏப்ரல் முதல், மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் வேண்டும். 2021 பிப்ரவரி முதல் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயம். சீட்டு ஊரைச் சொல்கிறது. வில்லை நேரத்தைச் சொல்கிறது. வரி வாங்க உதவும் ஏடு, வழி காண உதவலாகாதா?

உதவட்டும். ஆனால், ஏட்டில் ஏறாதவனை எண்ணிப் பார்த்தீர்களா? வரிவிலக்குப் பெற்ற பச்சைக் காய்கறிக்கு அந்தச் சீட்டே தேவையில்லை! கிராமச் சாலையில் சுங்கச்சாவடியும் இல்லை! குண்டும் குழியும் கடந்து சந்தைக்குச் செல்லும் சிறு வண்டி, கணக்கிலே காற்றாய்ப் போகிறது. தடம் நிறைந்த இடத்துக்கே பணம் என்று முடிவு செய்தால், ஓடுகிற சாலை மேலும் அகலும். ஓடாத ஊர் மேலும் ஒடுங்கும். தடம் இல்லை என்றால் தேவை இல்லை என்று பொருளா? வழி இல்லை என்றன்றோ பொருள்!

தோழர்களே! உங்கள் ஊர் வண்டியோட்டியிடம் கேளுங்கள்: புறப்பட்டது எப்போது? காத்திருந்தது எங்கே? இறக்கியது எப்போது? ஒரு திங்கள் எழுதி வையுங்கள். ஆட்சியாளர் எண்களோடு வரட்டும். நாமும் எண்களோடு செல்வோம்! சக்கரம் பதியாத ஊரின் கணக்கை நம் கால்கள் எடுக்கட்டும்!