டவுனில் வீடு வாங்குவதா, ஏழு பேர்ச்சுக்குக் காத்திருப்பதா?

(பொகவந்தலாவையில் நடந்த தோட்டத் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் சங்க அமைப்பாளரான ஆசிரியை ஆற்றிய உரை)



போன மாதம் சந்தா விசயமாகப் பெரட்டுக்களத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு அக்கா எல்லார் முன்னாலும் கேட்டார்: "டீச்சர், நீங்க டவுன்ல வீடு வாங்கப் போறீங்களாமே? அப்ப ஏழு பேர்ச் எங்களுக்கு மட்டுந்தானா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அன்று இரவு நித்திரை வரவில்லை. கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

ஆமாம், வீடு பார்க்கிறோம். இரண்டு வருடமாகப் பார்க்கிறோம்.

நான் பிறந்தது பணிய லயத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில். எங்கள் அப்பா ஒரு வீட்டுக் கடன் திட்டத்தில் சேர்ந்தார். மாதா மாதம் செக்ரோலில் பிடித்தார்கள். கடன் முடிந்தது, அப்பாவும் போய்விட்டார். உறுதி மட்டும் இன்றுவரை வரவில்லை. அந்த வீட்டில் ஒரு அறை கூட்டிக் கட்டுவதென்றாலும் தோட்டத்து ஒபீசில் போய் நிற்க வேண்டும். கடிதம் வந்தாலும் ஒபீசுக்குத்தான் வரும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி கழிந்த பிறகு கையில் கிடைத்த பிள்ளைகள் எங்கள் தோட்டத்திலேயே இருக்கிறார்கள். ஆகவே தன் பெயரில் ஒரு முகவரி வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டால் அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஏழு பேர்ச் கதை உங்களுக்கே தெரியும். 2015இல் பேசத் தொடங்கினார்கள். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட் மைதானத்துக்கு வந்தபோது, ஏற்கெனவே இருந்த 4,000 வீட்டோடு இன்னும் 10,000 வீடு என்று அறிவித்தார். அன்று நாமும் மழையிலும் சேற்றிலும் நின்று கைதட்டினோம். அந்த 10,000 வீட்டின் முதற்கட்ட வேலையைத் தொடங்கிவைத்தது 2024 பெப்ரவரியில். அன்று பிறந்த பிள்ளை அதற்குள் பள்ளிக்கூடம் போய்விட்டது. கட்டிக் கிடைத்த இடங்களில் 550 சதுர அடி வீடு, தனிக் குசினி, தனிக் கக்கூஸ். நல்ல வீடுதான், மறுக்கவில்லை. ஆனால் லயத்தில் இருக்கும் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள், 14,000 எந்த மூலைக்கு?

டவுனில் காணி ஏன் இந்த விலை விற்கிறது என்று கேட்கிறீர்கள். பொகவந்தலாவை, நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, எந்த டவுனை எடுத்தாலும் கடைத்தெரு முடிகிற இடத்தில் தேயிலை தொடங்கிவிடும். அந்தத் தேயிலைக் காணி அரசாங்கத்தினுடையது. 1992இல் கம்பனிகளிடம் கொடுத்து, 2045 வரை குத்தகை. விற்கக்கூடிய காணி என்று மிஞ்சுவது ரோட்டோரத்தில் ஒரு துண்டுதான். அதற்கு முதலாளிமாரும் போட்டி, உத்தியோகத்தரும் போட்டி, வெளிநாட்டுக் காசும் போட்டி.

நாங்கள் முதலில் பார்த்தது எட்டு பேர்ச்சில் இரண்டு அறை வீடு. 35 இலட்சம் சொன்னார்கள். "உறுதி இருக்கு டீச்சர், பயப்படாதீங்க" என்று தரகர் சத்தியம் பண்ணாத குறை. படித்த நானே ஒரு வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு இலட்சம் முற்பணம் கொடுத்துவிட்டேன். பிறகுதான் சட்டத்தரணியிடம் போனேன். அவர் காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துப் பதிவைத் தேடிப் பார்த்துவிட்டு, "இது சின்னக்கர உறுதி இல்லம்மா, அரசாங்கம் கொடுத்த அளிப்புக் காணி" என்றார். ஜயபூமி, சுவர்ணபூமி என்று வீட்டில் மாட்டி வைத்திருப்பார்களே, அந்த வகை. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அதை விற்க முடியாது. அப்படி எழுதினால் அந்த எழுத்து செல்லாது. முற்பணத்தில் 60,000 திரும்பி வந்தது. மிச்சம் 40,000 எனக்குப் படிப்புச் செலவு.

அதனால் சொல்கிறேன், "உறுதி இருக்கிறதா" என்று கேட்டால் போதாது. என்ன உறுதி என்று கேளுங்கள். சர்வேயர் பிளான் இருக்கிறதா, பிளானில் உள்ள எல்லைக்கல் தரையிலும் இருக்கிறதா என்று நடந்து பாருங்கள். வீட்டு விலையோடு கணக்கு முடியாது. 35 இலட்சத்துக்கு உறுதி முடித்தால் முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம். அதுவே 1,39,000 ரூபா. நொத்தாரிசுக்குக் கூலி வேறு.

இரண்டாவது பார்த்தது உறுதி சுத்தமான காணி. ஆனால் குசினிக் கதவைத் திறந்தால் பதினைந்து அடி உயரத்துக்கு வெட்டிய மண்மேடு. விற்கிறவர், "இருபது வருசமா ஒண்ணும் நடக்கல" என்றார். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மீரியபெத்தையில் மலை இறங்கும் வரைக்கும் அங்கேயும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். மண்சரிவு மாவட்டமான எங்கள் நுவரெலியாவில் கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு வேண்டும். கட்டிய வீட்டை வாங்குகிறவரும் அந்தச் சிபாரிசையும் பிரதேச சபை அனுமதியையும் கேட்டுப் பார்க்க வேண்டும். அவர் இரண்டையும் காட்டவில்லை. நாங்கள் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம்.

இப்போது காசு விசயத்துக்கு வருகிறேன். இதில் ஒளிவுமறைவு வேண்டாம். எனக்கு மாதச் சம்பளம், வங்கிக்குக் காட்ட சம்பளப் பட்டியல் இருக்கிறது. வீட்டுக்காரர் ஹட்டனில் கடையில் நிற்கிறார். உங்கள் கணக்கு வேறு. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ஆக இருந்தது. அந்தக் கணக்கில் இருபத்தைந்து பேர் விழுந்தால் 33,750. சேமலாப நிதிக்கு 8 சதவீதம் போனால் கையில் 31,050. அட்வான்ஸ், மற்றப் பிடிப்பனவு எல்லாம் அதற்குப் பிறகுதான். பத்து இலட்சம் கடனை 14 சதவீத வட்டியில் பத்து வருடத்துக்கு எடுத்தால் மாதம் ஏறத்தாழ 15,500 கட்ட வேண்டும். அந்தச் சம்பளத்தில் பாதி போச்சு. கொழுந்து இல்லாத மாதத்தில் பன்னிரண்டு பேர் விழுந்தால்? வங்கி காத்திருக்காது. அங்கே கட்ட நுண்கடன்காரரிடம் வாங்கினால் வியாழக்கிழமை வரும்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார வேண்டும். அதை நாம் பார்த்திருக்கிறோம்.

சேமலாப நிதியில் எடுக்கலாமா என்று தலைவிமார் கேட்டார்கள். எடுக்கலாம். பத்து வருடம் அங்கத்துவமும் கணக்கில் மூன்று இலட்சமும் இருந்தால் வீட்டுக்காக 30 சதவீதம் வரை எடுக்கலாம், உச்சம் 20 இலட்சம். ஆனால் வேலையை விட்ட பிறகு உங்களுக்குப் பெரிய துணை அந்தக் காசுதான். அதை எடுத்து மகன் பேரில் காணி எழுதிவிட்டு, பிறகு மருமகளிடம் ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்குக் காத்திருக்காதீர்கள். எடுத்தால் உறுதியில் உங்கள் பெயர் இருக்கட்டும். காசு பாதி பெண்ணுடையது, உறுதி முழுக்க ஆணுடையது என்பதும் வேண்டாம். இரண்டு பேரையும் போட்டு எழுதச் சொல்லுங்கள்.

பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்காக டவுனுக்குப் போவதாகச் சிலர் சொல்கிறார்கள். பெரிய பாடசாலைகளில் முதலாம் தரத்துக்கு வதிவிடப் புள்ளி கணக்கிடும்போது ஐந்து வருட வாக்காளர் இடாப்பைப் பார்ப்பார்கள். நாலு வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு தேடினால் அந்தப் புள்ளி முழுதாகக் கிடைக்காது.

டவுனில் விறகு காசு, தண்ணீர் காசு, ஒரு கொத்து கீரையும் காசு. காலையில் மலைக்கு வர பஸ் காசு. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், நாட்பேருக்கு வேலை செய்கிற இரண்டு பேர் உள்ள குடும்பத்துக்கு இன்றைக்குக் கடன் வாங்கி டவுன் வீடு வாங்குவது சரிவராது என்பது என் அபிப்பிராயம். நிலையான மாதச் சம்பளம் ஒன்றாவது வீட்டில் இருந்தால் யோசிக்கலாம்.

அப்படியென்றால் நீ மட்டும் ஏன் போகிறாய் என்று அந்த அக்கா கேட்பார். போகத்தான் போகிறேன் அக்கா. நோர்வூட் பக்கம் ஆறு பேர்ச்சில் ஒரு வீடு பொருந்தி வந்திருக்கிறது. உறுதி பார்த்தாயிற்று, சிபாரிசுக் கடிதமும் பார்த்தாயிற்று. படித்த பிள்ளை ஒவ்வொன்றாக இறங்கிப் போனால் லயத்தில் மனு எழுத ஆள் இருக்காது என்ற பேச்சு என் காதிலும் விழுந்தது. அது பொய்யில்லை. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அம்மா வரமாட்டேன் என்றுவிட்டார். "ஒங்கப்பா கடன் கட்டுன வீடு, உறுதி வராம நான் எறங்க மாட்டேன்" என்கிறார். அவர் பெயர் ஏழு பேர்ச் பட்டியலில் இருக்கிறது. அந்த உறுதிக்காக நான் சனி ஞாயிறு மேலே ஏறி வரத்தான் வேண்டும்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலையில் சங்கக் காரியாலயத்துக்கு ஒரு சட்டத்தரணி வருகிறார். காணி பார்த்திருப்பவர்கள் உறுதிப் பிரதியையும் பிளானையும் கொண்டு வாருங்கள். ஏற்கெனவே முற்பணம் கொடுத்துவிட்டவர்கள், வெட்கப்படாமல் அந்தத் துண்டையும் கொண்டு வாருங்கள். என்னுடைய வெற்றுத் தாளையும் கொண்டு வருகிறேன்.